சாமான் பட்டியலில் சின்னத்தாய்

ஓடிப்போனாளாம்! ஐம்பத்தெட்டு வயதில், இரண்டு முட்டியும் வீங்கிப்போய், கோவில் படி நாலு ஏறினாலே நின்று மூச்சு வாங்குகிற பொம்பிளை ஓடிப்போனாளாம். அதுவும் யாரோடு? மீன் விற்கிற தேவதாஸோடு. எதில்? கெம்போங் மீனும் ஐஸும் ஏற்றிய வேனில். எப்போது? நன்றாக விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில், பெற்ற பிள்ளை, மருமகள், மருமகள் வீட்டுச் சனம் என்று பதினாலு பேர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க. இப்படி ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு எவளாவது ஓடிப்போவாளா? சொல்கிற வாய்க்குக் கொஞ்சமாவது யோசனை வேண்டாமா?

பேச்சைக் கிளப்பியது பக்கத்து வீட்டு உஷாராணி. அன்று காலை கையில் விளக்குமாறோடு வேலி ஓரம் நின்றவள் அவள்தான். பார்த்தது உண்மை. பார்த்ததை அப்படியே சொல்லியிருந்தால் யாருக்கும் கோபம் வராது. சனிக்கிழமை "மீன் வேனில் ஏறிப் போனாள்" என்று ஆரம்பித்தது, ஞாயிற்றுக்கிழமை கோவிலில் "சொல்லாமல் போனாள்" என்று ஆனது. அடுத்த நாள் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டே "அவன் கூட்டிக்கொண்டு போய்விட்டானாம்" என்று பேசிக்கொண்டார்கள். தேவதாஸ் முப்பது வருஷமாக அவளை அக்கா என்று கூப்பிடுகிறவன். பாவம், அவன்மேல் மீன் செதிலைத் தவிர வேறு எதுவும் ஒட்டியதில்லை.

இதைக்கூடச் சிரித்துவிட்டுப் போகலாம். இன்னொரு கூட்டம் பேசுகிறதே, "சம்பந்தி வீட்டாருக்கு ஒரு வாய் சோறு போடாமல் போனவள்" என்று, அதுதான் வயிற்றெரிச்சல். முப்பத்தெட்டு வருஷமாக எல்லோருக்கும் சோறு கட்டிக் கொடுத்த கை அது. ஒரு நாள் கட்டவில்லை. அந்த ஒரு நாளைத்தான் இந்த ஊர் கண்டது.

சின்னத்தாய் யார், அன்று எங்கே போனாள், ஏன் போனாள் என்று தெரிந்துகொண்டு பிறகு பேசட்டும்.

அவள் ஏழாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்தில் மூன்றாவது லயத்து வீட்டிலிருந்து ஆறாவது லயத்துக்கு மருமகளாகப் போனவள். செல்லனைக் கட்டியபோது வயது இருபது. கல்யாணமான மூன்றாவது மாதம் தோட்டத்துத் திருவிழா முடிந்தது. திருவிழாவுக்கு உழைத்த சனத்தை மேஸ்திரி வேலை பார்த்த மண்டோர் கணேஸ்வரன் லோரி வைத்து அருவிக்குக் கூட்டிப்போவது வழக்கம். லோரியின் பின்னால் பலகை போட்டு, ஆணும் பெண்ணும் பிள்ளையும் குட்டியுமாக ஐம்பது பேர். நடுவில் சோற்றுக் குண்டான், கறிச் சட்டி, பாய், துணி மூட்டை.

சின்னத்தாய் அதுவரை அருவியைப் பார்த்ததே இல்லை. தோட்டத்தில் அவள் பார்த்த தண்ணீரெல்லாம் கால்வாயில் கறுப்பாகக் கிடக்கும் தண்ணீர், குழாயில் சொட்டும் தண்ணீர், மழை பெய்தால் லயத்துக்குள் வரும் தண்ணீர். மலைமேலிருந்து வெள்ளையாகக் கொட்டும் என்று சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் தூக்கமில்லை. புதுக் கைலி ஒன்றைக் குளிப்பதற்கென்றே மடித்து வைத்திருந்தாள்.

கிளம்புகிற காலையில் அவளுக்குத் தீட்டு வந்துவிட்டது.

தோட்டத்தில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. ஊரே இறங்கிக் குளிக்கிற தண்ணீரில் தீட்டுக்காரி கால் வைக்கக்கூடாது. ஆனால் அவளை வீட்டில் விட்டுவிட்டும் போகமாட்டார்கள். கூடவே கூட்டிப்போய்ச் சாமானுக்குக் காவல் வைப்பார்கள். அருவிக்கரையில் குரங்குகள் அதிகம். ஆள் இல்லாவிட்டால் சட்டி மூடியைத் திறந்து தின்றுவிட்டுக் குண்டானையும் உருட்டிவிடும். ஆகவே எவளாவது ஒருத்தி உட்கார்ந்துதான் ஆகவேண்டும். யாரும் அவளிடம் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஆண்கள் பார்க்காத மாதிரி தாண்டிப் போவார்கள். இந்த வருஷம் இவள், அடுத்த வருஷம் இன்னொருத்தி. பிடிக்கிறதோ இல்லையோ, அதில் முறை மாறி மாறி வந்தது. அந்த அளவுக்கு நியாயம் இருந்தது.

"நீ சாமான் கிட்ட ஒக்காரு" என்றாள் மாமியார். சின்னத்தாய் உட்கார்ந்தாள்.

லோரி நின்ற இடத்திலிருந்து அருவி தெரியாது. ஒரு பாறை வளைவைத் தாண்டி, நிறையப் படி ஏறிப் போகவேண்டும். சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒரு கையில் கம்பும் ஒரு கையில் விசிறியுமாக நாலு மணி நேரம் இருந்தாள். மத்தியானம் எல்லோரும் உதடு நீலம் பாய்ந்து, பல் தந்தியடிக்க, சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்கள். செல்லன் தலையைத் துவட்டிக்கொண்டே, "என்னா தண்ணி புள்ள!" என்றான்.

"எப்படி இருந்துச்சு?"

செல்லன் யோசித்தான். நல்லவன்தான், பேச்சுத்தான் வராது. "வெள்ளையா இருந்துச்சு" என்றான்.

அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த அருவி.

அடுத்த முறை ஏழு மாத வயிறு. மாசமாக இருப்பவள் காட்டுத் தண்ணீரில் இறங்கினால் முனி அடிக்கும் என்று உட்கார வைத்தார்கள். அதற்கடுத்த முறை கோகிலன் கைக்குழந்தை. பிறகு மாமியார் செத்த வருஷம். துக்கக்காரிக்கு உல்லாசம் என்ன என்றார்கள். அந்தத் துக்கம் செல்லனுக்கும் உண்டுதானே? பெற்ற தாய் அல்லவா? அவன் குளித்துவிட்டுத்தான் வந்தான். அதை யாரும் கேட்கவில்லை.

இப்படி நாலு முறை உட்கார்ந்த பிறகு காரணம் சொல்வதையே விட்டுவிட்டார்கள். தீட்டு வந்தவள் வேறொருத்தியாக இருந்தாலும், "சின்னத்தாயி இருக்காளே" என்று சொல்லிவிட்டு அந்த ஒருத்தி மேலே ஏறிப் பாறையிலாவது உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தாள். அவள் காவலில் ஒரு கரண்டிகூடத் தொலைந்ததில்லை. செருப்புகூட ஜோடி மாறியதில்லை. ஒரு வேலையை நன்றாகச் செய்தால் அதுவே தலையில் கட்டப்படும் என்பது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

ஒரு முறை பெரிய ஆண் குரங்கு ஒன்று கோழிக்கறிச் சட்டியைப் பிடித்து இழுக்க, இவள் விடாமல் இழுக்க, முழங்கையில் கடித்துவிட்டது. தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். சட்டி மட்டும் கவிழவில்லை. அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்தில் கூடினாலும், எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும், அந்தக் கதைதான். சின்னத்தாயும் குரங்கும் சட்டியை இழுத்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். கையில் தழும்பு இருக்கிறது. அந்தக் கறியை அன்று யார் யார் தின்றார்கள் என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை.

ஒரே ஒரு முறை, கோகிலனுக்கு ஒன்பது வயது இருக்கும்போது, செல்லன் பாதியில் இறங்கி வந்தான். "நீ போய்ப் பாத்துட்டு வா. நா இருக்கேன்" என்றான். அவள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு படியில் ஏறினாள். எண்ணிப் பதினெட்டுப் படி. மேலே இருந்து கத்திக்கொண்டு சனம் இறங்கி வந்தது. மலையில் எங்கோ மழை பெய்து, தண்ணீர் கலங்கித் திடீரென்று ஏறிவிட்டதாம். பிள்ளையைத் தேடுவாளா, அருவியைப் பார்ப்பாளா? கோகிலனை இழுத்துக்கொண்டு கீழே ஓடினாள். அன்று ஓடிய ஓட்டம்தான் அவள் வாழ்நாளில் ஓடிய ஒரே ஓட்டம், உஷாராணி கேட்டுக்கொள்ளட்டும்.

பிறகு காலம் எங்கே நின்றது? பால்மரத்தை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள். சின்னத்தாய் முதுகில் டிரம்மைக் கட்டிக்கொண்டு இருபது வருஷம் களைக்கு மருந்தடித்தாள். அதற்குப் பிறகு உதிரிப் பழம் பொறுக்கினாள். குனிந்து, நிமிர்ந்து, உட்கார்ந்து, எழுந்து, முட்டி போனது அங்கேதான். செல்லன் ஆறு வருஷத்துக்கு முன் நெஞ்சு வலியில் போனான். பத்தாங் பெர்ஜுந்தாயில் கோகிலன் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கியபோது அம்மாவையும் தங்கச்சி ஷர்மினியையும் கூட்டிக்கொண்டு வந்தான். ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றி எத்தனையோ வருஷமாகிவிட்டது. சின்னத்தாய் வாயில் இன்னும் வரவில்லை.

கோகிலன் கெட்டவன் இல்லை. ரவாங்கில் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், குடிக்கமாட்டான், அம்மாவைக் கிளினிக்குக்குத் தவறாமல் கூட்டிப்போவான். மருமகள் ஷாமளாவும் கெட்டவள் இல்லை. ஆபிஸிலிருந்து ஏழு மணிக்கு வந்து விழுகிறவள், இரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறவள். இந்த வீட்டில் சின்னத்தாயை யாரும் அடித்ததில்லை, திட்டியதில்லை. அதனால்தான் வெளியே இருப்பவர்களுக்குப் புரியவில்லை. அடித்தால்தான் வலிக்குமா?

போன ஜூலையில் கிளினிக்கில் டாக்டரம்மா முட்டிப் படத்தைப் பார்த்துவிட்டு என்னவோ சொன்னாள். ஷர்மினி அதைத் தமிழில் சொன்னாள்: "தேய்ஞ்சு போச்சாம்மா. இப்ப நடக்கிறதே பெருசாம். அடுத்த வருஷம் மேடு ஏறுறதெல்லாம் மறந்துரணுமாம்."

சின்னத்தாய் வீட்டு வாசலில் காடிக் கதவைத் திறந்து இறங்கும்போது கேட்டாள், "இந்த வருஷம் ஏறலாம்ல?"

"எங்க ஏற?"

"சும்மா கேட்டேன்."

சும்மா ஒன்றும் கேட்கவில்லை. பதினோரு முறை அருவிக்குப் போய்ப் பார்க்காமல் வந்தவளுக்கு இனி ஒரே ஒரு வருஷம்தான் மிச்சம். அவளுக்குக் கணக்கு அதுதான்.

செப்டம்பரில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தது. ஷாமளாவின் அண்ணன் குகன் குடும்பத்தோடு ரவாங்கிலிருந்து வந்திருந்தான். ஹாலில் எல்லோரும் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். சனிக்கிழமை காலை உலு யாம் பக்கம் அருவிக்குப் போவது, மத்தியானச் சாப்பாடு அங்கேயே.

"அத்தை கையால புளிச்சோறு, முட்டைச் சம்பல், கோழிப் பிரட்டல். வேற என்னா வேணும்?" என்றான் குகன்.

சின்னத்தாய் தேநீர்த் தட்டை வைத்துவிட்டு நின்றாள். "இந்தத் தடவை நானும் மேல வரேன்" என்றாள்.

யாருக்கும் காதில் விழவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை சொன்னாள். "நானும் அருவியைப் பாக்கணும்."

கோகிலன் சிரித்தான். "முட்டியை வச்சிக்கிட்டா? டாக்டர் சொன்னது மறந்துபோச்சாம்மா? கீழயே நல்லா நெழலா இருக்கும், பாய் விரிச்சுப் படுத்துக்க. ரெஸ்ட் எடுத்த மாதிரி இருக்கும்."

"நா வீடியோ எடுத்துட்டு வரேன் அத்தை" என்றாள் ஷாமளா.

வீடியோ! போன முறை எடுத்த வீடியோவை ஷர்மினி காட்டியிருக்கிறாள். கோகிலனின் தலையும் பிள்ளைகளின் விரல்களும்தான் அதில் இருந்தன. பின்னால் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை.

"சாமான் கிட்ட மாத்தி மாத்தி ஒக்காருவோம்" என்றாள் சின்னத்தாய். "ஒரு மணி நேரம் நீங்க ஒருத்தர் இருங்க. நா போய்ப் பாத்துட்டு வந்துர்றேன். ஒரு மணி நேரம் போதும்."

"ஐயோ யம்மா, ஆளுங்க லீவு போட்டு வராங்க லா. வந்தவங்கள குரங்கு வெரட்டச் சொல்ல முடியுமா?" என்றான் கோகிலன்.

குகன் தொடையில் தட்டினான். "அத்தை மேல வந்துட்டா குரங்குக்கெல்லாம் மனசு ஒடைஞ்சு போயிரும். பழைய சம்பந்தம்! கையில முத்திரை வேற போட்டு வச்சிருக்கு!"

ஹாலே சிரித்தது. அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

இந்த முட்டிக்கு ஒரு விசித்திரம் உண்டு. மேலே ஏறிப் பார்க்க அது ஆகாது. ஆனால் பதினாலு பேருக்குச் சமைக்க அடுப்புக்கு முன் நாலு மணி நேரம் நிற்பதற்கு ஆகும். குண்டானைத் தூக்க ஆகும். குரங்கின் பின்னால் எழுந்து எழுந்து ஓட ஆகும். எந்த டாக்டரிடம் இப்படி எழுதி வாங்கினார்களோ!

அதன் பிறகும் அவள் பொறுத்துத்தான் இருந்தாள். குடும்பத்துக்கென்று கைப்பேசியில் ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள். சின்னத்தாய்க்குப் படிக்கத் தெரியாது என்பதால் கோகிலன் எல்லாவற்றையும் குரலில் பேசி அனுப்புவான். அது அவளுக்காக அவன் செய்கிற மரியாதை. வியாழக்கிழமை மாலை அவளும் ஷர்மினியும் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி மணி அடித்தது. ஷர்மினி எடுத்து அழுத்தினாள். கோகிலனின் குரல், பின்னால் தொழிற்சாலை இரைச்சல்.

"ஓகே, எல்லாரும் கேட்டுக்குங்க. நெனப்பு வச்சு எடுக்க வேண்டியது: பாய் நாலு, ஐஸ் பெட்டி ரெண்டு, கேஸ் அடுப்பு, தண்ணி டிரம், சோத்துக் குண்டான், அம்மா, குப்பைப் பை. இதெல்லாம் குகன் மச்சான் வேன்ல. ஆளுங்க எல்லாம் ரெண்டு காடியில ஏறிக்கலாம். ஏழு மணி ஷார்ப், லேட் பண்ணாதீங்க."

ஷர்மினி அடுத்த துணியை எடுத்தாள். சின்னத்தாய் எடுக்கவில்லை.

"இன்னொரு தடவை போடு."

போட்டாள்.

"இன்னொரு தடவை."

மூன்றாம் முறை ஷர்மினிக்கும் கேட்டது. "யம்மா... அண்ணன் வேகமா பேசும்போது அப்படி வந்திருச்சு. அர்த்தம் அது இல்ல."

"குண்டானுக்கும் குப்பைப் பைக்கும் நடுவுல என்னடி அர்த்தம்?"

சின்னத்தாய் நாலாம் முறையும் கேட்டாள். வைகிறவன் தெரிந்து வைகிறான். அவனிடம் சண்டை போடலாம். பெற்ற பிள்ளை அன்பாகவே பேசி, அவளை ஆளில் சேர்க்காமல் சாமானில் சேர்த்திருக்கிறான். அது தப்பென்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. இவன் வாயை என்ன செய்வது?

அன்றிரவு கோகிலன் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னாள். "சனிக்கிழமை நா சமைக்கல."

"என்னாம்மா, அந்த ரெக்கோர்டிங்கா? ஷர்மினி சொன்னா. வாய் தவறி வந்திருச்சும்மா. வேன்ல முன் சீட்டு ஒனக்குத்தான், ஏர்கோன் இருக்கு, அதுக்குத்தான் அப்படிச் சொன்னேன்."

"சமைக்கல."

"சரி சரி, கோவப்படாத. கொழம்பு ஊத்து."

வெள்ளிக்கிழமை காலை ஷாமளாவிடம் சொன்னாள். ஷாமளா கோழி வாங்கியாயிற்றே என்று முகத்தைச் சுருக்கினாள். வெள்ளிக்கிழமை மாலை மறுபடி கோகிலனிடம் சொன்னாள். மூன்று முறை சொன்னாள், மூன்றும் நல்ல சத்தமாக. படுக்கப் போகும்போது கோகிலன் மனைவியிடம் சொன்னது அறைக் கதவு வழியே அவளுக்குக் கேட்டது: "அது கோவத்துல சொல்லுது. காலையில எந்திரிச்சு செஞ்சிரும். எங்கம்மாவ எனக்குத் தெரியாதா?"

இதுதான் நடந்த தவறு. முப்பத்தெட்டு வருஷமாக அவள் கோபப்பட்ட ஒவ்வொரு முறையும், கோபப்பட்டுக்கொண்டே எழுந்து செய்துவிட்டாள். அவள் கோபத்துக்கு அந்த வீட்டில் மதிப்பு அவ்வளவுதான் என்று ஆகிவிட்டது.

அதற்குள் சின்னத்தாய் கண்மணியிடம் பேசியிருந்தாள். கண்மணி அவளோடு பால்மரம் சீவியவள், இப்போது கெர்லிங்கில் மகள் வீட்டில் இருக்கிறாள். விஷயத்தைக் கேட்டதும் கண்மணி கைப்பேசியிலேயே கத்தினாள்.

"அடி கிறுக்கச்சி! பதினோரு தடவையா? எனக்குத் தெரியாதேடி! நானும் ரெண்டு தடவை ஒங்கிட்ட செருப்ப விட்டுட்டு மேல போயிருக்கேனே!"

"போன."

"என்னைக் கேட்டிருக்கலாம்லடி."

"நீ கேட்டிருக்கலாம்ல?"

கண்மணி குரலை இறக்கிச் சொன்னாள், "எங்க ஊருக்கு வா. செம்பனைக் காட்டுக்குள்ள போனா ஒரு சின்ன அருவி இருக்கு. படி கெடையாது, சீட்டு கெடையாது, கூட்டமும் கெடையாது. மெதுவா நடந்தா அர மணி நேரம். என் கொழுந்தன் சனிக்கெழம சனிக்கெழம மீன் கொண்டாறான், அவன் வேன்ல ஏறிக்க. நா கம்பு ஒண்ணு வெட்டி வைக்கிறேன்."

அந்தக் கொழுந்தன்தான் தேவதாஸ். குவாலா செலாங்கூரில் விடியற்காலை மீன் எடுத்து, பெர்ஜுந்தாய் வழியாகக் கெர்லிங்வரை விற்றுக்கொண்டு போகிறவன். கண்மணி சொல்லி அவன் வந்தான். ஊர் கட்டிய கதைக்கு இதுதான் ஆதாரம்.

வேனில் போகப்போவதை அவள் வீட்டில் சொல்லவில்லை. அது தப்புதான், ஒத்துக்கொள்ளலாம். ஆனால் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? யாரும் கத்தியிருக்கமாட்டார்கள். கோகிலன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முட்டியைத் தடவிக்கொடுத்து, "அடுத்த மாசம் நானே ஒன்னைத் தனியா கூட்டிப்போறேம்மா" என்று சொல்லியிருப்பான். அவளும் கரைந்து சரி என்றிருப்பாள். அதற்குத்தான் பயந்தாள்.

சனிக்கிழமை காலை அவள் எழுந்தாள், குளித்தாள், சாமி கும்பிட்டாள். தனக்கு மட்டும் இரண்டு ரொட்டியில் சம்பல் தடவிப் பசியாறினாள். நீலப் பூப்போட்ட சேலை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் குளிக்க ஒரு கைலி, ஒரு துண்டு, வலி மருந்துத் தைலம்.

ஏழு மணிக்கு முன்பே குகனின் வேனும் இன்னொரு காடியும் வந்து நின்றன. பிள்ளைகள் ரப்பர் வளையத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டே இறங்கின. ஷாமளா அறையிலிருந்து தலையைப் பின்னிக்கொண்டு வந்து அடுக்களைக்குள் பார்த்தாள். அடுப்பு துடைத்து வைத்தபடி இருந்தது. குண்டான் கவிழ்த்து வைத்தபடி இருந்தது.

"அத்தை... சோறு?"

"அரிசி டிரம்ல இருக்கு. கோழி ஐஸ் பெட்டியில இருக்கு. மஞ்சத்தூள் மேல் தட்டு."

கோகிலன் பல் துலக்கிக்கொண்டிருந்தவன், நுரையோடு வெளியே வந்தான். "யம்மா, வெளயாடாத. எல்லாரும் வந்துட்டாங்க."

"வரட்டும். பெர்ஜுந்தாயில முக்குக்கு முக்கு நாசி லெமாக் விக்குது. ஆளுக்கு ரெண்டு பொட்டலம் வாங்கு."

சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள். வெளியே தேவதாஸின் வெள்ளை வேன் வந்து நின்று, மீன்காரனுக்கே உரிய நீள ஹோர்னை அடித்தது. பக்கத்து வீட்டில் விளக்குமாறு நின்றுபோனது.

"எங்கம்மா போற?"

"அருவிக்கு."

"நாமளும் அருவிக்குத்தானேம்மா போறோம்!"

"நீங்க போறீங்க. நா பதினோரு தடவை வந்தேன், ஒரு தடவை கூடப் போனதில்ல."

கோகிலன் வாயைத் துடைத்தான். அவன் முகத்தில் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். மச்சான் பார்க்கிறான், மச்சான் பெண்டாட்டி பார்க்கிறாள். தாழ்ந்த குரலில் சொன்னான், "இவங்க முன்னாடி என்னை இப்படிப் பண்றியேம்மா. என்ன கொறை வச்சேன் ஒனக்கு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"மூணு தடவை சொன்னேன்டா. நாக்கு இருக்குதுன்னுதான் சொன்னேன். குண்டான் பேசுமா?"

குகனுக்கு என்ன தோன்றியதோ, நிலைமையைச் சிரிப்பில் முடித்துவிடலாம் என்று நினைத்தான்போல. "அத்தை, மீன் வேன்லயா? பூனையெல்லாம் பின்னாலயே வருமே!" என்றான். அவன் பெண்டாட்டியே சிரிக்கவில்லை. ஷர்மினி அண்ணனுக்குப் பின்னாலிருந்து வந்து, அம்மாவின் பைக்குள் ஒரு தண்ணீர்ப் போத்தலைச் செருகினாள்.

சின்னத்தாய் கேட்டைத் திறந்தாள். வாசலுக்கு முன்னால் சாக்கடைப் பலகை, அதைத் தாண்டி ரோடு. வலது முட்டி சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தாள். பின்னாலிருந்து கோகிலன் கூப்பிட்டான். அம்மா என்று கூப்பிட்டிருந்தால் ஒருவேளை நின்றிருப்பாள். அவன் பிள்ளை, அவள் பெற்றவள். ஆனால் அவன் கேட்டது இதுதான்:

"அப்ப சாமான யாரும்மா பாத்துக்கிறது?"

அவன் வேண்டுமென்று கேட்கவில்லை. உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை. அவன் பிறந்ததிலிருந்து அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்க நேர்ந்ததில்லை.

சின்னத்தாய் திரும்பிப் பார்த்தாள். வாசலில் பதினாலு பேர். கையும் காலும் கண்ணும் நன்றாக இருக்கிற பதினாலு பேர். ஒவ்வொருவரையும் ஒரு முறை பார்த்து முடித்தாள்.

"பதினாலு பேரு நிக்கிறீங்க" என்றாள்.

வேன் கதவை இழுத்துத் திறந்து, கைப்பிடியைப் பிடித்து, முதலில் இடது காலை வைத்து, அப்புறம் வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து ஏறினாள். சீட்டில் ஈரச் சாக்கு விரித்திருந்தது. தேவதாஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாசலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னக்கா, எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க?"

"நிக்கட்டும். நீ எடு."